பீரங்கியை மாற்றாமலேயே பீரங்கியை மாற்றிய கதை

2023 குடியரசு தினத்தன்று வீட்டில் டிவியில் அணிவகுப்பு ஓடிக்கொண்டிருந்தது. தேசிய கீதம் இசைக்கும்போது 21 குண்டு மரியாதை கொடுப்பார்கள் இல்லையா? அந்த வருஷம் முதல்முறையாக இந்தியாவிலேயே செய்த 105 மி.மீ. பீரங்கிகள் அதற்கு வந்திருப்பதாகச் சொன்னார்கள். அதுவரை முழங்கியவை பிரிட்டிஷ் காலத்து 25-பவுண்டர்கள்.

"அது எவ்ளோ பழசுப்பா?" என்று கேட்டாள் என் மகள்.

"இரண்டாம் உலகப்போர் சமயத்துல செஞ்சது."

"அப்போ இருந்து மாத்தவே இல்லையா?"

நான் மென்பொருள் துறையில் இருபது வருஷத்துக்கு மேல் குப்பை கொட்டுபவன். "இதை ஏன் இன்னும் மாத்தல?" என்ற கேள்வி எனக்குப் புதிது இல்லை. எங்கள் ஆபீஸில் ஒரு பழைய பில்லிங் புரோகிராம் இருக்கிறது. அதை எழுதியவர் ரிட்டயர் ஆகிவிட்டார். அதை மாற்ற வேண்டும் என்று எல்லோருக்கும் தெரியும். ஆனால் தினமும் அதில்தான் பில் போகிறது, நிறுத்தவும் முடியாது. அதனால் சுற்றிலும் ஒட்டுப்போட்டு ஓட்டிக்கொண்டிருக்கிறோம்.

மகளுக்கு ஒழுங்காகப் பதில் சொல்லலாமே என்று படிக்க ஆரம்பித்தேன். சில மாதங்கள் அதிலேயே போய்விட்டன. நான் ராணுவ நிபுணன் எல்லாம் இல்லை. ஆனால் படிக்கப் படிக்க ஒன்று மட்டும் தெளிவானது. போர் ஆரம்பித்த பிறகு ஒரு ராணுவத்தால் தன் முக்கியப் பீரங்கியை மாற்றுவது கிட்டத்தட்ட முடியாத காரியம். மாற்ற முடிந்ததெல்லாம் அதைச் சுற்றி இருப்பவை: சுருள்வில், குண்டின் மூக்கில் இருக்கும் ஃபியூஸ், கணக்குப்போடும் முறை, ரேடியோ. பிரிட்டிஷார் இரண்டு உலகப்போர்களிலும் இதைத்தான் செய்தார்கள். செய்யத் தவறிய ஒரு இடத்தில் அதற்கான விலையை வீரர்கள் உயிரால் கொடுத்தார்கள்.

அடி வாங்கிக் கற்ற முதல் பாடம்

கதை தென்னாப்பிரிக்காவில் தொடங்குகிறது. 1899-ல் போயர்களுடன் போர். பிரிட்டிஷ் களப்பீரங்கிப் படையிடம் இருந்தது 15-பவுண்டர், அதாவது சுமார் 15 பவுண்டு எடையுள்ள குண்டை வீசும் பீரங்கி. (பிரிட்டிஷார் அப்போதெல்லாம் குழலின் அகலத்தை வைத்துப் பெயர் வைக்காமல், குண்டின் எடையை வைத்துப் பெயர் வைப்பார்கள்.)

அதில் ஒரு பெரிய தொல்லை. சுட்டால் பீரங்கி மொத்தமாகப் பின்னால் எகிறும். ஒவ்வொரு தடவையும் தள்ளி நிறுத்தி மறுபடி குறி பார்க்க வேண்டும். பிரெஞ்சுக்காரர்கள் 1897-லேயே இதற்கு வழி கண்டுபிடித்துவிட்டார்கள். அவர்களுடைய 75 மி.மீ. பீரங்கியில் குழல் மட்டும் ஒரு தொட்டில் மேல் பின்னால் சறுக்கும். எண்ணெயும் அழுத்தப்பட்ட காற்றும் அந்த உதையை வாங்கிக்கொண்டு குழலை முன்னால் கொண்டுவந்து விடும். சக்கரம் அசையாது, குறியும் அவ்வளவாகக் கலையாது. நிமிடத்துக்கு 15 குண்டு வரை சுடலாம்.

பிரிட்டிஷாரிடம் அது இல்லை. 1899 டிசம்பர் 15 அன்று கொலென்சோ என்ற இடத்தில் கர்னல் லாங் 12 பீரங்கிகளைக் காலாட்படையை முந்திக்கொண்டு திறந்தவெளியில் கொண்டுபோய் நிறுத்தினார். ஆற்றின் மறுகரையில் பதுங்கியிருந்த போயர்களின் ரைபிள்கள் பீரங்கிப் படையாட்களைக் குறிவைத்து வீழ்த்தின. 10 பீரங்கிகள் பறிபோயின. அவற்றை மீட்கப் போனவர்களில் ஒருவர் ஃபீல்டு மார்ஷல் ராபர்ட்ஸின் ஒரே மகன். அவரும் இறந்தார்.

லண்டன் விழித்துக்கொண்டது. முதலில் செய்தது, ஜெர்மனியின் எர்ஹார்ட்டிடமிருந்து 108 நவீன பீரங்கிகளை ரகசியமாக வாங்கியது! பிறகுதான் சொந்தமாக ஒன்றைச் செய்ய உட்கார்ந்தார்கள். குழலுக்கு ஆம்ஸ்ட்ராங் கம்பெனி, பின்னுதைப்பு அமைப்புக்கு விக்கர்ஸ், குறிபார்க்கும் பாகங்களுக்கு அரசின் ஆயுதத் தொழிற்சாலை என்று மூன்று இடத்து யோசனைகளைச் சேர்த்து 1904-ல் 18-பவுண்டரை ஏற்றுக்கொண்டார்கள். குழலின் உள்விட்டம் 3.3 அங்குலம், வீச்சு 6,525 கஜம், அதாவது சுமார் 6 கிலோமீட்டர்.

1914-ல் முதல் உலகப்போருக்கு பிரிட்டன் போனது இதோடுதான்.

தப்பான போருக்குச் சரியான பீரங்கி

18-பவுண்டர் நல்ல பீரங்கி. ஆனால் அது போயர் போரின் பாடத்தை வைத்துச் செய்தது. வெட்டவெளியில் நடந்துவரும் எதிரியைச் சமாளிக்க வேண்டும் என்பதே அதன் நோக்கம். அதனால் போர் தொடங்கியபோது அதற்கு ஒரே வகை குண்டுதான் இருந்தது. அது ஷ்ராப்னல்.

இன்று எந்தக் குண்டின் சிதறலையும் ஷ்ராப்னல் என்கிறோம். அன்று அதற்குத் தனி அர்த்தம். ஒரு உலோகக் குப்பி, உள்ளே சுமார் 375 ஈய உருண்டைகள், அடியில் கொஞ்சம் மருந்து, மூக்கில் நேரம் வைக்கும் ஃபியூஸ். இலக்குக்குச் சற்று முன்னால் வானத்திலேயே மருந்து வெடித்து உருண்டைகளை முன்பக்கமாக விசிறும். பறக்கும் ஒரு துப்பாக்கி என்று வைத்துக்கொள்ளுங்கள். வெளியில் நிற்பவனுக்கு எமன். ஆனால் பதுங்குகுழிக்குள் பத்தடி ஆழத்தில் இருப்பவனை அது ஒன்றும் செய்யாது.

சில மாதங்களில் எல்லோரும் பதுங்குகுழிக்குள் போய்விட்டார்கள். முன்னால் முள்கம்பி வேலி. 18-பவுண்டருக்கு வெடிகுண்டு வகை ஷெல் வர ஆரம்பித்ததே 1914 இறுதியில்தான், அதுவும் கொஞ்சம் கொஞ்சமாக.

1915 மே 9, ஓபர்ஸ் மேடு. 40 நிமிடம் பீரங்கித் தாக்குதல் நடத்திவிட்டுக் காலாட்படையை அனுப்பினார்கள். வேலி அறுபடவில்லை, எதிரியின் இயந்திரத் துப்பாக்கிகளும் சாகவில்லை. ஒரே நாளில் சுமார் 11,000 பேர் செத்தார்கள் அல்லது காயப்பட்டார்கள். அந்தத் தாக்குதலில் இந்தியப் படைப்பிரிவுகளும் இருந்தன. ஐந்து நாள் கழித்து லண்டன் டைம்ஸில் ஷெல் பற்றாக்குறை பற்றிச் செய்தி வந்ததும் அரசாங்கமே ஆட்டம் கண்டது. லாயிட் ஜார்ஜின் கீழ் தளவாட அமைச்சகம் என்று புதிதாக ஒன்றை உருவாக்கினார்கள்.

எண்ணிக்கை கூடியது. 1916-ல் சோம் போருக்கு முன் ஒரு வாரம் இரவு பகலாக 15 லட்சம் குண்டுகள் சுட்டார்கள். ஜூலை 1 அன்று காலாட்படை எழுந்து நடந்தது. அன்று ஒரு நாளில் மட்டும் 19,240 பிரிட்டிஷ் வீரர்கள் இறந்தார்கள்.

ஏன்? அவசரமாக உற்பத்தி செய்ததில் வெடிக்காத குண்டுகள் ஏராளம். பெரிய பீரங்கிகள் போதாது. வேலி அறுக்கும் வேலை பெரும்பாலும் 18-பவுண்டரின் ஷ்ராப்னலிடம்தான் விடப்பட்டிருந்தது. ஷ்ராப்னலால் முள்கம்பியை அறுக்க முடியும், ஆனால் சரியான தூரத்தில், சரியான உயரத்தில் வெடிக்க வேண்டும். ஃபியூஸ் கொஞ்சம் முன்பின்னாக இருந்தாலும் வேலி அப்படியே இருக்கும்.

மாற்ற முடிந்தவை

18-பவுண்டரைத் தூக்கிப் போட்டுவிட்டு வேறு பீரங்கி செய்திருக்கலாமே என்று நமக்குத் தோன்றும். யோசித்துப் பாருங்கள். ஆயிரக்கணக்கான பீரங்கிகள் களத்தில் நிற்கின்றன. தொழிற்சாலைகள் அந்த 3.3 அங்குலக் குண்டைத்தான் மலைமலையாகக் குவிக்கின்றன. படையாட்கள் பழகியதும் அதில்தான். எல்லாவற்றையும் நிறுத்தி மாற்ற ஒரு வருஷம் ஆகும். எதிரி அதுவரை காத்திருப்பானா?

அதனால் ஒவ்வொரு பாகமாகக் கைவைத்தார்கள்.

முதலாவது, சுருள்வில். பின்னால் போன குழலை முன்னால் தள்ளுவது 18-பவுண்டரில் பெரிய சுருள்வில்கள்தான். சோம் போரில் ராப்பகலாகச் சுட்டதில் அவை தளர்ந்தன, உடைந்தன. மாற்று வில்லுக்கும் தட்டுப்பாடு. சுட்ட பிறகு படையாட்களே குழலைக் கையால் முன்னால் தள்ள வேண்டிய நிலை. தீர்வு என்ன தெரியுமா? காற்றழுத்தத்தில் வேலை செய்யும் ஒரு அமைப்பைச் செய்தார்கள், ஆனால் பழைய சுருள்வில் இருந்த அதே இடத்தில் அப்படியே பொருந்தும்படி. வண்டியைத் தொட வேண்டாம், குழலைத் தொட வேண்டாம். பழையதைக் கழற்று, புதியதை மாட்டு, அவ்வளவுதான். இதைப் படித்தபோது எழுந்து நின்று கை தட்டலாம் போலிருந்தது.

இரண்டாவது, ஃபியூஸ். வெடிகுண்டு வகை ஷெல்லைப் பழைய ஃபியூஸோடு வேலி மேல் சுட்டால், அது மண்ணுக்குள் கொஞ்சம் புதைந்த பிறகுதான் வெடிக்கும். பள்ளம் விழும், கம்பி மேலே எழும்பி மறுபடி அங்கேயே விழும். 106-ம் எண் ஃபியூஸ் இதை மாற்றியது. அதன் நுனியில் ஒரு சின்ன ஊசித்தண்டு, அதைச் சுற்றி உலோக நாடா. பீரங்கியை விட்டு வெளியேறிய குண்டு சுழலும்போது நாடா அவிழ்ந்து போய்விடும். அதன் பிறகு எதன் மேல் லேசாகப் பட்டாலும் உடனே வெடிக்கும். வெடிப்பு பக்கவாட்டில் பரவி வேலியைச் சிதைத்துவிடும், தரையில் பள்ளமும் அவ்வளவாக விழாது. 1917-ல் இது பரவலானது. அதே பீரங்கி, கிட்டத்தட்ட அதே குண்டு, மூக்கு மட்டும் வேறு.

மூன்றாவது, கணக்கு. எனக்கு மிகவும் பிடித்த பகுதி இதுதான்.

எதிரியின் பீரங்கி எங்கே ஒளிந்திருக்கிறது என்று எப்படித் தெரியும்? சத்தத்தை வைத்துக் கண்டுபிடிக்கலாம். பல இடங்களில் மைக் வைத்து, சத்தம் ஒவ்வொன்றையும் எந்த நொடியில் எட்டியது என்ற வித்தியாசத்தைக் கணக்கிட்டால் இடம் தெரிந்துவிடும். இந்த வேலையை ஒப்படைத்தது லாரன்ஸ் பிராக் என்ற இளைஞரிடம். 1915-ல் 25 வயதில் இயற்பியலுக்கான நோபல் பரிசு வாங்கியவர். அதே வருஷம் அவருடைய தம்பி கலிப்பொலியில் கொல்லப்பட்டார்.

சிக்கல் என்னவென்றால், பறக்கும் குண்டின் 'படீர்' ஓசைதான் மைக்கில் பலமாக விழும். பீரங்கியின் சத்தம் தாழ்ந்த அதிர்வு, காதுக்கே சரியாகக் கேட்காது. பிராக் ஒருநாள் தங்கியிருந்த வீட்டுக் கழிப்பறையில் உட்கார்ந்திருந்தார். தூரத்தில் பீரங்கி சுட்டபோது, சத்தம் பெரிதாகக் கேட்காவிட்டாலும் கீழிருந்து காற்று லேசாகத் தூக்கிவிடுவதை உணர்ந்தார். அந்த அழுத்தத்தைத்தான் அளக்க வேண்டும் என்று அவருக்குப் புரிந்தது! அவருடன் வேலை செய்த டக்கர் அதற்கு வழி கண்டார். சூடான மெல்லிய கம்பி ஒன்றில் மின்சாரம் ஓடும். அதிர்வலை வந்து காற்று தட்டினால் கம்பி குளிர்ந்து மின்தடை மாறும். அந்த மாற்றத்தைப் பதிவு செய்தால் போதும். குண்டின் 'படீர்' ஓசைக்கு இந்தக் கம்பி அசைந்துகொடுக்காது.

இதோடு இன்னொன்று. பழைய முறையில் ஒரு இலக்கைச் சரியாக அடிக்க, முதலில் சில குண்டுகளைச் சுட்டுப் பார்த்து, விழுந்த இடத்தைக் கவனித்துத் திருத்த வேண்டும். ஆனால் ஆயிரம் பீரங்கிகள் இப்படிச் சுட்டுப் பார்த்தால் தாக்குதல் வருகிறது என்று எதிரிக்குத் தெரிந்துவிடும். அதனால் சுட்டுப் பார்க்காமலே கணக்கில் அடிக்கக் கற்றார்கள். ஒவ்வொரு பீரங்கியும் எவ்வளவு தேய்ந்திருக்கிறது, அதனால் குண்டின் வேகம் எவ்வளவு குறைகிறது என்று தனித்தனியாக அளந்தார்கள். காற்றின் வேகம், வெப்பநிலை, காற்றழுத்தம் எல்லாம் வானிலைத் தந்தியாகப் பீரங்கிப் படைகளுக்கு வந்தன. துல்லியமான வரைபடங்களும் தயாராயின.

1917 நவம்பர் 20, காம்ப்ரே. சுமார் 1,000 பீரங்கிகள், முன்கூட்டி ஒரு குண்டுகூடச் சுட்டுப் பார்க்காமல், ஒரே நேரத்தில் முழங்கின. ஜெர்மானியர்கள் எதிர்பார்க்கவே இல்லை. 1918 ஆகஸ்ட் 8, ஆமியான். எதிரியிடம் இருந்த 530 பீரங்கிகளில் 504 இருக்குமிடம் தாக்குதலுக்கு முன்பே தெரிந்திருந்தது.

சோம் போரில் தோற்றுப்போன அதே 18-பவுண்டர்தான் ஆமியானிலும் சுட்டது. போர் முடிவதற்குள் இந்த ஒரு வகைப் பீரங்கி மட்டும் கிட்டத்தட்ட 10 கோடி குண்டுகளைச் சுட்டிருந்தது.

பழைய சட்டைக்குள் புது உடம்பு

போர் முடிந்தது. காசு இல்லை. அடுத்த பத்து வருஷத்துக்குப் பெரிய போர் வராது என்று வைத்துக்கொண்டு பட்ஜெட் போடு என்பது 1919 முதல் 1932 வரை அரசின் விதியாகவே இருந்தது. ஆனால் பீரங்கிப் படையினருக்கு ஒரு விஷயம் தெளிவாக இருந்தது. 18-பவுண்டரின் குண்டு சிறியது. கூடவே இருந்த 4.5 அங்குல ஹோவிட்சரின் வீச்சு குறைவு. இரண்டு வேலையையும் செய்யும் ஒரே பீரங்கி வேண்டும்.

'கன்', 'ஹோவிட்சர்' வித்தியாசம் இதுதான். தெருக் கிரிக்கெட்டில் பந்தை நேராக விரட்டி அடிப்பது கன். பக்கத்து வீட்டு மதிலைத் தாண்டி, பந்து அந்தப் பக்கமே விழும்படி தூக்கி அடிப்பது ஹோவிட்சர். தூக்கி அடிக்க, வேகத்தைக் கூட்டிக் குறைக்கத் தெரிய வேண்டும்.

அதிக எடையுள்ள குண்டுக்கு 105 மி.மீ. நல்ல அளவு என்று யோசனைகள் வந்தன. ஆனால் நிதித்துறை குறுக்கே நின்றது. முந்தைய போரின் 18-பவுண்டர்கள் நூற்றுக்கணக்கில் சும்மா நிற்கின்றனவே, அவற்றைப் பயன்படுத்துங்கள் என்றது. பழைய குழலின் உள்ளிருப்பதை எடுத்துவிட்டுப் புது உள்குழல் செருகினால் எவ்வளவு அகலம் வரை போகலாம்? 3.45 அங்குலம். அதற்குப் பொருந்திய குண்டின் எடை 25 பவுண்டு. 25-பவுண்டரின் அளவு இப்படித்தான் முடிவானது. எங்கள் பழைய டேட்டாபேஸில் வாடிக்கையாளர் பெயருக்கு 30 எழுத்துதான் இடம். ஏன் என்று தேடிப்போனால், என்றோ ஒரு அச்சு இயந்திரத்தின் தாள் அகலம் அவ்வளவுதான் என்று தெரியவந்தது. அந்த மாதிரிதான் இதுவும்.

இப்படி மாற்றியமைத்தவற்றை 18/25-பவுண்டர் என்றார்கள். பழைய வண்டி அதிக உதையைத் தாங்காது என்பதால் வீச்சு 11,800 கஜத்தோடு நின்றது. புது வண்டியோடு வந்த மார்க் 2 பீரங்கி 13,400 கஜம், அதாவது 12 கிலோமீட்டருக்கு மேல் எட்டியது. பித்தளை உறைக்குள் சிவப்பு, வெள்ளை, நீலம் என்று மருந்துப் பைகள். தூரத்துக்கும் வளைவுக்கும் ஏற்ப ஒன்றோ இரண்டோ மூன்றோ போடலாம். முழு வீச்சுக்கு 'சூப்பர்' என்ற தனி உறை. கனும் ஹோவிட்சரும் ஒன்றிலேயே கிடைத்துவிட்டன.

இன்னொரு நல்ல விஷயமும் செய்தார்கள். வண்டிக்கு அடியில் தொங்கிய வட்டமான இரும்பு மேடையைத் தரையில் போட்டு, சக்கரத்தை அதன் மேல் ஏற்றி நிறுத்தினால், பின்சட்டத்தை ஒரு ஆள் பிடித்துத் தள்ளியே பீரங்கியை எந்தத் திசைக்கும் திருப்பலாம்.

குறை? குண்டு சிறியது. ஜெர்மன், அமெரிக்க 105 மி.மீ. குண்டுகள் 15 கிலோ அளவு. இது 11 கிலோ சொச்சம்தான். இந்த இழப்பை எதைக்கொண்டு ஈடுகட்டினார்கள் என்பதற்கு வருகிறேன். அதற்கு முன் டன்கிர்க்.

மாற்றாமல் விட்ட ஒன்று

1940 மே, ஜூன். பிரான்ஸிலிருந்து பிரிட்டிஷ் படை ஆட்களை மட்டும் காப்பாற்றிக்கொண்டு தப்பியது. தளவாடங்களை அங்கேயே விட்டுவிட்டு வந்தார்கள். மாற்றியமைத்த 18/25-பவுண்டர்களில் மட்டும் 700-க்கும் மேல் போயின. டாங்கி எதிர்ப்புப் பீரங்கிகளும் பெருமளவு போயின.

டாங்கியைச் சமாளிக்க அப்போது இருந்தது 2-பவுண்டர், 40 மி.மீ. சிறு பீரங்கி. அது சீக்கிரமே போதாமல் போகும் என்று எதிர்பார்த்து, 6-பவுண்டர் வடிவமைப்பை 1938-லேயே தொடங்கி வைத்திருந்தார்கள். ஆனால் டன்கிர்க்குக்குப் பிறகு ஜெர்மானியர் எந்த நாளும் இங்கிலாந்தில் இறங்கலாம் என்ற பயம். தொழிற்சாலைகளைப் புதியதற்கு மாற்றினால் சில மாதங்களுக்கு உற்பத்தி சரியும். கையில் ஒன்றுமே இல்லாத நேரத்தில் சிறந்த ஒன்றுக்காகக் காத்திருப்பதா, சுமாரான பலவற்றை உடனே செய்வதா?

பலவற்றை என்று முடிவெடுத்தார்கள். அந்த மேஜையில் நான் இருந்திருந்தாலும் அதைத்தான் சொல்லியிருப்பேன். அன்றைக்கு அது தப்பான முடிவு இல்லை. ஆனால் 6-பவுண்டர் உற்பத்தி 1941 இறுதியில்தான் தொடங்கியது. படைகளின் கைக்கு வந்தபோது 1942 பாதி ஆகிவிட்டது.

இடைப்பட்ட காலத்தில் வட ஆப்பிரிக்கப் பாலைவனத்தில் என்ன நடந்தது? ஜெர்மன் டாங்கிகள் 2-பவுண்டர் பயனளிக்கும் தூரத்துக்கு வெளியே நின்றுகொண்டே வெடிகுண்டுகளால் அதன் ஆட்களை அடித்தன. 1941 நவம்பர் 21, சிடி ரெஸெக். செகண்ட் லெப்டினன்ட் வார்ட் கன் அங்கே 2-பவுண்டர் பிரிவு ஒன்றில் இருந்தார். ஒவ்வொன்றாக எல்லாம் செயலிழந்து ஒரே ஒரு பீரங்கிதான் மிச்சம். அதைச் சுமந்த லாரியும் தீப்பற்றியிருந்தது. அதில் ஏறிச் சாகும்வரை சுட்டார். இறந்த பிறகு விக்டோரியா கிராஸ் கொடுத்தார்கள்.

சின்னப் பீரங்கி போதாததால் 25-பவுண்டர்களை முன்வரிசைக்குக் கொண்டுவந்து டாங்கி எதிர்ப்பு வேலை கொடுத்தார்கள். 20 பவுண்டு எடையுள்ள கெட்டி இரும்புக் குண்டும் அதற்கு இருந்தது. வட்ட மேடை இருந்ததால் சட்டென்று திருப்பி நேர்ப்பார்வையில் சுட முடிந்தது. டாங்கிகள் அதைக் கண்டு பயந்தன என்பது உண்மை. ஆனால் அதற்கு இரண்டு விலை. ஒன்று, பல கிலோமீட்டர் பின்னால் இருக்க வேண்டிய ஆட்கள், மறைவே இல்லாத மணலில், ஒரு மெல்லிய தகட்டுக்குப் பின்னால் மண்டியிட்டு டாங்கிக்கு எதிரே நின்றார்கள். 1942 ஜூன் 6 அன்று கஸாலா போரில் 'சவுத் நாட்ஸ் ஹுஸார்ஸ்' என்ற பீரங்கி ரெஜிமென்ட் சுற்றிவளைக்கப்பட்டு, கடைசி வரை சுட்டு, முழுசாக அழிந்தது.

இரண்டாவது விலை வெளியே தெரியாது. அங்கே நாலு, இங்கே நாலு என்று பீரங்கிகளைப் பிரித்து நிறுத்தியதால் எல்லாம் சேர்ந்து ஒரே இடத்தில் அடிக்க முடியவில்லை. 25-பவுண்டரின் குண்டு சிறியது என்றேன் இல்லையா? அதை ஈடுகட்ட ஒரே வழி, நிறைய பீரங்கிகள் ஒன்றாக அடிப்பது. அதுவே கையைவிட்டுப் போனது.

மூன்று தடவை 'அங்கிள்'

இதே காலத்தில் இங்கிலாந்தில் பர்ஹாம் என்ற பிரிகேடியர் வேறொரு பரிசோதனையில் இருந்தார். அவர் கேட்ட கேள்வி எளிமையானது. பல ரெஜிமென்ட்களின் பீரங்கிகளை ஒரே இலக்கின் மேல் திருப்ப ஏன் இவ்வளவு நேரம் ஆகிறது?

காரணம் துல்லியம். ஒவ்வொன்றும் மிகச் சரியாக விழ வேண்டும் என்று திருத்திக்கொண்டே இருந்தால் எதிரி நகர்ந்துவிடுவான். பர்ஹாம் சொன்னது: கொஞ்சம் சிதறினால் சிதறட்டும், எல்லாப் பீரங்கியும் ஒரே சமயத்தில் சீக்கிரம் அடிக்கட்டும். அதற்கு ரேடியோவும், எல்லோருக்கும் பொதுவான வரைபடக் கணக்கும் இருந்தால் போதும்.

ஒரு களப்பீரங்கி ரெஜிமென்டில் 24 பீரங்கிகள். ஒரு டிவிஷனில் மூன்று ரெஜிமென்ட், ஆக 72. முன்னால் காலாட்படையோடு பதுங்கியிருக்கும் பீரங்கி அதிகாரி, சாதாரண கேப்டன், ரேடியோவில் 'மைக் டார்கெட்' என்றால் 24-ம் திரும்பும். 'அங்கிள் டார்கெட், அங்கிள் டார்கெட், அங்கிள் டார்கெட்' என்றால் 72-ம் திரும்பும். 'விக்டர்' என்றால் முழு கோர் படையின் பீரங்கிகளும். சில நிமிடங்களில் குண்டுகள் ஒன்றாக வந்து விழும். இதில் கவனிக்க வேண்டியது, அந்த கேப்டன் உதவி கேட்டு விண்ணப்பிக்கவில்லை, உத்தரவு போடுகிறார். யாருக்கு நிலைமை கண்ணெதிரே தெரிகிறதோ அவரிடமே அதிகாரத்தைக் கொடுத்துவிட்டார்கள்.

1942-ல் 6-பவுண்டர்கள் வந்து சேர்ந்ததும் 25-பவுண்டர்கள் முன்வரிசையிலிருந்து விடுபட்டுத் தங்கள் சொந்த வேலைக்குத் திரும்பின. அக்டோபர் 23 இரவு 9.40, எல் அலமெய்ன். சுமார் 900 பீரங்கிகள் ஒன்றாக முழங்கின. பெரும்பாலானவை 25-பவுண்டர்கள். அதற்குப் பிறகு இத்தாலியிலும் நார்மண்டியிலும் பிரிட்டிஷ் பீரங்கிப் படையைக் கண்டு ஜெர்மானியர்கள் அஞ்சியதற்குக் காரணம் குண்டின் எடை அல்ல, அது வந்து விழும் வேகமும் கூட்டமும்தான்.

மகளுக்குச் சொன்ன பதில்

25-பவுண்டர் 12,000-க்கும் மேல் உற்பத்தியானது. சுதந்திரத்துக்குப் பிறகு நம் ராணுவமும் பல வருஷம் அதைப் பயன்படுத்தியது. 1972-ல் ஓமனில் மிர்பாத் என்ற ஊரில், லபலபா என்ற ஃபிஜித் தீவு வீரர், ஆறு பேர் இயக்க வேண்டிய 25-பவுண்டரை வெகுநேரம் தனி ஆளாகவே சுட்டு எதிரிகளைத் தடுத்து, அங்கேயே இறந்தார். நிதித்துறைக்காகச் சமரசம் செய்து முடிவான அந்த 3.45 அங்குலம், எல்லோரும் நினைத்ததைவிட அதிக நாள் உழைத்தது.

மகளிடம் இதையெல்லாம் ஒரு ஞாயிற்றுக்கிழமை சொல்லி முடித்தேன். பொறுமையாகக் கேட்டாள். ஃபியூஸும் கழிப்பறைக் கதையும் அவளுக்குப் பிடித்திருந்தது. கடைசியில், "அந்த 6-பவுண்டரைச் சீக்கிரமே செஞ்சிருந்தா அந்த லாரில ஏறினவரு பொழைச்சிருப்பாராப்பா?" என்றாள்.

"பொழைச்சிருக்கலாம். ஆனா அதுக்குள்ள ஜெர்மன்காரன் இங்கிலாந்துல இறங்கியிருந்தா, கையில எதுவுமே இல்லாம வேற நிறைய பேர் செத்திருக்கலாம்."

"அப்போ அது சரியான முடிவா?"

முடிவு சரியாக இருந்திருக்கலாம், ஆனால் அதன் விலை அதை எடுத்தவர்களுக்கு விழவில்லை, என்றேன். மேஜையில் உட்கார்ந்து 'இப்போதைக்குப் பழசே இருக்கட்டும்' என்று எழுதியவர் ஒருவர், பாலைவனத்தில் அந்தப் பழசோடு நின்றவர் வேறொருவர்.

மறுநாள் ஆபீஸில் அந்த பில்லிங் புரோகிராமை மாற்றுவதை மறுபடி ஆறு மாதம் தள்ளிவைக்கும் மீட்டிங். தள்ளிவைக்கச் சம்மதித்தேன், நியாயமான காரணங்கள் இருந்தன. ஆனால் குறிப்பில் ஒரு வரி சேர்க்கச் சொன்னேன்: இந்த ஆறு மாதம் ராத்திரியில் போன் வந்தால் யார் எழுந்து உட்காருவார்கள், அவர்களிடம் கேட்டாயிற்றா? கேட்கவில்லை என்றார்கள். கேட்டுவிட்டு முடிவெடுக்கலாம் என்று மீட்டிங்கை முடித்தோம்.